மங்கா பாணியில் தலை வரைதல்: முகம் சற்றே திரும்பினால் ஏன் சிதைந்துவிடுகிறது?

கேள்வி: பென்சில்முனை

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ எட்டு மாதங்களாக ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவின் பாணியில் தலை வரையப் பழகி வருகிறேன். நேராகப் பார்க்கும் முகம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. ஒரு வட்டம் போட்டு, நடுவில் நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் இழுத்து, குறுக்குக் கோட்டின்மேல் இரண்டு பெரிய கண்களை வைத்து, வட்டத்துக்குக் கீழே மோவாயைக் கூராக்கி இறக்கினால், பார்ப்பவர்கள் மங்கா என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது.

அதே முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வரையத் தொடங்கியதும் எல்லாம் குலைந்துவிடுகிறது. அப்பாலுள்ள கண், முகத்தோடு ஒட்டாமல், தனியாக வெட்டி எடுத்து ஒட்டியதுபோல் நிற்கிறது. தலையின் பின்பக்கத்தை எவ்வளவு தூரம் இழுப்பது என்று தெரியாததால், பிடரிப் பக்கம் பலகையில் அறைந்ததுபோல் தட்டையாகிவிடுகிறது. முடியை எவ்வளவு கவனமாக வரைந்தாலும், தலையில் முளைத்ததாகத் தெரியாமல் தொப்பியைக் கவிழ்த்ததுபோல் இருக்கிறது. நேற்று ஒரு படத்தை முடித்துவிட்டுத் தாளைத் திருப்பிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நேர்ப்பக்கத்தில் சரியாகத் தெரிந்த முகம், பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது ஒருபுறமாகச் சரிந்து, ஒரு கண் மற்றதைவிடக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லையே என்று மிகவும் வருந்தினேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. திரும்பிய தலையை எந்த வரிசையில் கட்டி எழுப்ப வேண்டும், அதற்கு நம்பத்தக்க அளவுகள் ஏதேனும் உண்டா? மங்கா மட்டுமே வரைய விரும்பும் ஒருவர், உண்மையான மனிதத் தலையை முதலில் படித்தாக வேண்டுமா, அல்லது பிடித்த பக்கங்களைப் பார்த்து வரைந்தே தேறிவிட முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சற்று விரிவாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: மைக்கூடு

வணக்கம் நண்பரே. நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் வேரில் ஒன்றுதான் என்பது என் கருத்து. நீங்கள் வட்டம் வரைகிறீர்கள். வரைய வேண்டியது பந்து. தாளில் இரண்டுக்கும் ஒரே கோடுதான் என்பதால் இந்த வேறுபாடு கையில் தெரியாது, மனத்தில் மட்டுமே இருக்கும். நேர்முகத்தில் அது வெளிப்படாமல் தப்பித்துக்கொள்கிறது. தலை திரும்பியதும் அகப்பட்டுக்கொள்கிறது.

பென்சிலை எடுப்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு பழைய ரப்பர் பந்தை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் அதன் உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடும், இடுப்பைச் சுற்றி ஒரு கோடும் போடுங்கள். இரண்டும் வெட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரு புறமும் சமதூரத்தில் இரண்டு புள்ளிகளை வையுங்கள், அவையே கண்கள். இப்போது பந்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மெதுவாக ஒருபுறம் திருப்புங்கள். நெடுக்குக் கோடு நேர்கோடாக இல்லாமல் வில்லாக வளைவதையும், திரும்பும் பக்கத்துப் பாதி ஒடுங்கிக்கொண்டே போவதையும், அப்பாலுள்ள புள்ளி விளிம்பை நெருங்க நெருங்க நடுக்கோட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்குவதையும் காண்பீர்கள். உங்கள் படங்களில் அப்பாலுள்ள கண் ஒட்டவைத்ததுபோல் தெரிவதற்குக் காரணம், நடுக்கோட்டை வளைத்துவிட்டு, இரண்டு கண்களையும் பழையபடி சம அகலத்தில் வைப்பதாகத்தான் இருக்கும்.

ஆனால் தலை முழுப் பந்தும் அன்று. நெற்றிப்பொட்டுப் பக்கங்களில் அது தட்டையானது. உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் காதுகளுக்கு மேலே அழுத்திப் பிடித்தால் இதை உணரலாம். ஆகவே பந்தின் இரு பக்கங்களிலும் ஒரு சீவல் எடுத்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் கற்பித்த முறை இது. மங்கா வரைபவர்களில் பலரும் இதைத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துப் பயன்படுத்துகிறார்கள். சீவிய தட்டைப் பரப்பு நேராகப் பார்த்தால் வட்டம், நம் பக்கம் சற்றே திரும்பியிருந்தால் நீள்வட்டம். அதன் உயரம் பந்தின் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இந்த நீள்வட்டத்தை வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனெனில் மற்ற அளவுகளை அது தானாகவே சொல்லிவிடும். அதன் மேல்விளிம்பு முன்பக்கமாக வந்து சேரும் இடம் முடி தொடங்கும் கோடு. நடுவே செல்லும் கோடு புருவம். கீழ்விளிம்பு மூக்கின் அடி. புருவத்திலிருந்து மூக்கடி வரையுள்ள தூரத்தை அப்படியே இன்னொரு முறை கீழே இறக்கினால் வளர்ந்த ஒருவரின் மோவாய் கிடைக்கும். நீள்வட்டத்தின் மையத்துக்குப் பின்னால், புருவக் கோட்டுக்கும் மூக்கடிக் கோட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் காது அமரும். அந்தக் காதுக்கு முன்னாலிருந்துதான் தாடை புறப்பட்டு இறங்கி, பிறகு மோவாயை நோக்கித் திரும்ப வேண்டும். பலரும் தாடையைக் கன்னத்தின் நடுவிலிருந்து தொடங்கிவிடுவதால், முகம் முகமூடிபோல் தலைக்கு முன்னால் தொங்குகிறது.

இவை இயல்பான தலையின் அளவுகள். மங்கா இவற்றை மீறுவது ஓர் ஒழுங்கோடுதான். வளர்ந்த மனிதரின் கண்கள், உச்சியிலிருந்து மோவாய் வரையுள்ள உயரத்தின் சரிபாதியில் இருக்கும். மங்கா பாத்திரங்களில், குறிப்பாக இளையவர்களில், கண்கள் அந்தப் பாதிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. நெற்றி விரிகிறது, மூக்கடியிலிருந்து மோவாய் வரையுள்ள தூரம் குறைகிறது, கன்னம் உருள்கிறது. குழந்தையின் முகத்தில் இயற்கையாகவே உள்ள அளவுகள் இவையே என்பதால், மீறல் என்று நமக்குத் தோன்றாமல் இளமை என்று தோன்றுகிறது. வயதான பாத்திரத்துக்குக் கண்களை மேலே ஏற்றி, தாடையை நீட்டி, கழுத்தைத் தடிப்பாக்கினால் போதும். சுருக்கங்கள் பிறகு வரலாம்.

திரும்பிய முகத்தின் அப்பால் விளிம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் படம் பிழைப்பதும் சாவதும் அந்த ஒரு கோட்டில்தான். நெற்றியிலிருந்து புடைப்பாக இறங்கும் கோடு கண்குழிக்கு நேராக உள்ளே அழுந்தி, கன்ன எலும்பில் மீண்டும் வெளியே வந்து, அங்கிருந்து வாயைக் கடந்து மோவாய்க்குச் சரிகிறது. மங்காவில் இந்த அழுத்தமும் புடைப்பும் மிகவும் மென்மையாக்கப்பட்டிருக்கும், ஆனால் ஒருபோதும் இல்லாமல் போகாது. அப்பாலுள்ள கண்ணின் வெளிமூலை அந்த அழுத்தத்துக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும். அந்தக் கண்ணின் அகலம் குறையும், உயரம் குறையாது. கருவிழியும் வட்டமாக இல்லாமல் நெட்டையான நீள்வட்டமாகும். உயரத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டால் அது சிறிய கண்ணாகிவிடும், திரும்பிய கண்ணாகாது.

பிடரிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. முழுப் பக்கவாட்டில் பார்க்கும்போது, நெற்றியிலிருந்து பின்மண்டை வரையுள்ள நீளம், உச்சியிலிருந்து மோவாய் வரையுள்ள உயரத்தைவிடச் சற்றுத்தான் குறைவு. பழகாதவர் வரையும் பக்கவாட்டுத் தலைகளில் இந்த நீளம் பெரும்பாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்காது. முகத்தின்மீதே கவனம் முழுவதும் குவிந்திருப்பதால், மண்டைக்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கை பறித்துக்கொள்கிறது.

மறுமொழி: வெண்தாள்

மைக்கூடு அவர்கள் சொன்ன கட்டுமானத்தில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது ஐயத்துக்கு என் அனுபவத்திலிருந்து வேறொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மங்கா வரைவதற்கு முன் உடற்கூற்றை முழுமையாகக் கற்றுவிட வேண்டும் என்று எனக்கு ஒருவர் அறிவுறுத்தினார். நானும் அதை நம்பி, ஏறத்தாழ ஓராண்டு மண்டையோடுகளை மட்டுமே வரைந்தேன். ஆண்டின் முடிவில் எனக்கு நல்ல மண்டையோடுகள் வரைய வந்தன, மங்கா முகம் வரவில்லை. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எந்தக் கோட்டை வரையாமலே விடுவது என்ற தேர்வுதான் பாணி. அந்தத் தேர்வை மண்டையோடு கற்றுத்தராது. இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே தாளில் பழகுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பார்த்து வரைவதிலும் இரண்டு வகை உண்டு. பக்கத்தில் தெரியும் கோடுகளை அப்படியே எடுத்து வைப்பது ஒன்று. அதில் கை பழகும், கண் பழகாது. அச்சிட்ட பக்கத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, ஓவியர் மையிடுவதற்கு முன் போட்டிருக்கக்கூடிய பந்தையும் நடுக்கோட்டையும் கண்கோட்டையும் நீங்களே தேடிக் கண்டுபிடிப்பது மற்றொன்று. இந்த அடிக்கோடுகளை ஜப்பானிய ஓவியர்கள் 'அதாரி' என்பார்கள். ஒரு பாத்திரத்தின் முகத்தைப் பத்து வெவ்வேறு கோணங்களில் தேடி எடுத்து, ஒவ்வொன்றின்மேலும் இந்த அதாரியை மட்டும் வரைந்து, பிறகு மூலத்தை மூடிவைத்துவிட்டு அந்த எலும்புக்கூட்டின்மேல் முகத்தை நினைவிலிருந்து எழுப்பிப் பாருங்கள். எங்கெங்கே தவறுகிறது என்பதே உங்களுக்கு வேண்டிய பாடத்திட்டம்.

இப்படித் தேடும்போது, மங்கா பாணி என்று ஒன்றே ஒன்று இல்லை என்பதும் விளங்கும். மங்கா ஓவியர் ஒசாமு தெசுகா (1928–1989) டிஸ்னி கேலிச்சித்திரப் படங்களை மிகவும் நேசித்தவர். அவர் வளர்ந்த தகராசூக்கா நகரம், பெண்கள் மட்டுமே நடிக்கும் மேடை நாடகக் குழுவுக்குப் பெயர்பெற்றது. அந்த நடிகைகள் கண்களை எடுப்பாகக் காட்டும் ஒப்பனை போடுவார்கள். தெசுகாவின் பெரிய கண்களுக்குப் பின்னால் இந்த இரண்டும் இருந்தன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. சிறுமியருக்கான ஷோஜோ இதழ்களில் அந்தக் கண்கள் மேலும் விரிந்து, உள்ளே நட்சத்திர ஒளி ஏறியது. வளர்ந்த ஆண்களுக்கான செய்னென் இதழ்களிலோ கண்கள் சுருங்கி, மூக்கும் தாடையும் மனித அளவுக்குத் திரும்பியதைப் பல படைப்புகளில் காணலாம். உங்களுக்குப் பிடித்த ஓவியர் இந்த இரு கரைகளுக்கு இடையே எங்கே நிற்கிறார் என்பதை அறிந்துகொண்டால், எந்த அளவுகளை நம்புவது என்ற குழப்பம் பெருமளவு குறையும்.

இன்னொன்று. தொழில்முறை மங்காப் பக்கங்கள் மரபாக 257 × 364 மில்லிமீட்டர் அளவுள்ள ஜப்பானிய பி4 தாளில் வரையப்பட்டு, இதழில் சுருக்கி அச்சிடப்படுகின்றன. மூக்கு ஒரு சிறு கீற்றாகவும், வாய் நடுவில் மட்டும் அழுத்தம் கொண்ட ஒரு குறுங்கோடாகவும் நின்றுவிடுவதற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஆகவே உள்ளங்கைக்கும் சிறிய தலைகளை வரைந்து பழகாதீர்கள். பெரிதாக வரைந்து, எட்ட வைத்துப் பாருங்கள்.

மறுமொழி: இமைக்கோடு

முடி தொப்பியாகத் தெரிவதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். முடியை மண்டையின் கோட்டின்மேலேயே வரையாதீர்கள். மண்டையை முழுதாக, வழுக்கைத் தலையாக முடித்துவிட்டு, அதற்கு மேலே முடியின் கனத்துக்கு இடம் விட்டு இரண்டாவது கோட்டை எழுப்புங்கள். அடுத்து உச்சிச்சுழியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது உச்சியில் சரியாக நடுவில் இல்லாமல் சற்றுப் பின்தள்ளியே இருக்கும். நெற்றியில் விழும் முடி, காதை மூடும் முடி, பிடரியில் இறங்கும் முடி ஆகிய மூன்றும் அந்த ஒரு புள்ளியிலிருந்தோ, வகிடு எடுத்திருந்தால் அந்த வகிட்டிலிருந்தோ புறப்பட்டு, மண்டையின் வளைவைத் தழுவிக்கொண்டு வந்த பிறகே தொங்க வேண்டும். உங்கள் படங்களில் முடிக்கற்றைகள் நெற்றியில் திடீரென்று தொடங்கியிருக்கும் என்று ஊகிக்கிறேன். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத முடி தொப்பியாகத்தான் தெரியும். கற்றைகளை ஒரே அகலத்தில் பிரிக்காமல், பெரிய கற்றை ஒன்றுக்குப் பக்கத்தில் மெல்லிய கற்றை ஒன்றை வையுங்கள்.

கண்ணைப் பொறுத்தவரை, மேல்இமைக் கோடு தடிப்பாக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று. இமைமயிரும், இமை விழியின்மேல் விழுத்தும் நிழலும் சேர்ந்தே அந்தத் தடிப்பு. ஒரே இழுப்பில் தடிப்பாக்க முயன்றால் கம்பளிப்புழுபோல் ஆகிவிடும். மெல்லிய இழுப்புகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, நடுவில் கனமாகவும் மூலைகளில் மெலிந்தும் முடியுங்கள். மையிடும் நிலைக்கு வந்ததும், அழுத்தத்துக்கு ஏற்பத் தடித்தும் மெலிந்தும் கோடு தரும் ஜி-பேனா இதற்கு மிகவும் உதவும். கீழ்இமையை முழுக்கோடாக மூடிவிடாமல் நடுவில் சற்றே விட்டுவிட்டால் கண் மூச்சு விடும். கருவிழியின் மேற்பகுதி எப்போதும் இமைக்குள் சற்றே மறைந்திருக்க வேண்டும். முழு வட்டமும் வெளியே தெரிந்தால் அந்தப் பாத்திரம் திடுக்கிட்டிருக்கிறது என்றே வாசகர் எண்ணுவார். ஒளிப்புள்ளியை இரண்டு கண்களிலும் ஒரே பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இடமும் மற்றதில் வலமுமாக வைத்தால் பார்வை கலைந்துவிடும்.

மறுமொழி: பென்சில்முனை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ரப்பர் பந்துச் சோதனையை அன்றே செய்தேன்; கையிலிருந்த பந்தைத் திருப்பத் திருப்ப, அப்பாலுள்ள புள்ளி விளிம்பை நோக்கி ஒடுங்கியதைப் பார்த்தபோது எட்டு மாதத் தவறு ஒரு நிமிடத்தில் புரிந்தது. கடந்த பத்து நாட்களில் அதாரி மட்டுமே கொண்ட நாற்பது தலைகளும், முழுமையாக முடித்த ஆறு தலைகளும் வரைந்துள்ளேன். பிடரியை அளந்து பார்த்தேன்; மைக்கூடு அவர்கள் சொன்னதுபோலவே, என் பழைய படங்களில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. சுழியைக் குறித்த பிறகு முடியும் தலையோடு சேர்ந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. பாத்திரம் வானத்தைப் பார்ப்பதாக ஒரு தலை வரைந்தேன். கண்கோட்டை மேல்நோக்கி வில்லாக வளைத்து, மூக்கையும் வாயையும் மேலே ஏற்றி, தாடையின் அடிப்பக்கத்தையும் காட்டினேன். அப்படியிருந்தும் தலை நிமிர்ந்ததாகத் தெரியவில்லை. முகம் மட்டும் மேலே நழுவி, நெற்றி சிறுத்துப்போனதுபோல் இருக்கிறது. எதை விட்டுவிட்டேன் என்று தெரியவில்லை.

மறுமொழி: மைக்கூடு

பத்து நாட்களில் இவ்வளவு தூரம் வந்திருப்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நீங்கள் விட்டது காது என்று நினைக்கிறேன். முகத்தின் உறுப்புகளோடு காதையும் சேர்த்து மேலே ஏற்றியிருப்பீர்கள். தலை நிமிரும்போது முன்பக்கம் மேலே போகிறது. பக்கவாட்டின் நடுவில் இருக்கும் காது ஏறக்குறைய அச்சுபோல் அங்கேயே நிற்பதால், கண்ணோடு ஒப்பிடும்போது கீழே இறங்கியதாகத் தெரியும். ஆனால் காதும் தன் இடத்திலேயே பின்புறமாகச் சாய வேண்டும்; சாயாமல் நெட்டுக்குத்தாக நின்றால், முகம் மட்டும் நழுவியதாகத்தான் தோன்றும். தலை குனிந்தால் இதற்கு நேர்மாறாக, காது புருவத்துக்கும் மேலே ஏறிவிடும். உச்சிச்சுழியும் நம் பக்கம் வந்துவிடும்.

கண்களிலும் ஒரு சிறு திருத்தம் தேவைப்படலாம். நிமிர்ந்த முகத்தில் மேல்இமை, கீழ்இமை இரண்டும் மேல்நோக்கி வளையும். கீழ்இமையைப் பழையபடி கீழ்நோக்கி வளைத்திருந்தால் அதை மாற்றுங்கள். கழுத்தையும் ஒருமுறை பாருங்கள். அது மோவாய்க்கு அடியிலிருந்து தொங்குவதில்லை. காதுக்குப் பின்னாலிருந்து இறங்கும் தசை, கழுத்தின் முன்குழியை நோக்கிச் சாய்வாக வருகிறது. நிமிர்ந்த தலையில் இந்தச் சாய்கோடு நன்றாக இழுபட்டுத் தெரியும்.

படத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். காதை மட்டும் அழித்து, அதன் மேல்நுனி கண்கோட்டுக்குக் கீழே வருமாறு இறக்கி, பின்புறமாகச் சாய்த்து வரையுங்கள். அதன் பின்னாலிருந்து கழுத்துத் தசையை ஒரே கோடாக இழுங்கள். பிறகு தாளைத் திருப்பிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மறுமொழி: பென்சில்முனை

காதைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கீழே இறக்கிச் சாய்த்தேன். வேறெதையும் தொடவில்லை. தலை நிமிர்ந்துவிட்டது. தாளைத் திருப்பிச் சன்னலில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பக்கத்திலிருந்தும் அது வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இடக்கண் மட்டும் இன்னும் ஒரு மயிரிழை கீழே இருக்கிறது; நாளை அதைச் சரிசெய்கிறேன்.